இடது காலில் நெரிசல்

"கண்டக்டர், உங்க எடது காலு மட்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்குதே" என்றார் ஓர் அம்மா.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்த தனியார் பஸ் அது. சின்ன வெங்காயக் கூடை சரிந்துவிடாமல் பிடிக்கக் குனிந்தவர், குனிந்த இடத்தில் என் காலைப் பார்த்துவிட்டார். உடனே பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. நான்கு மாதமாகவே நான் அந்தக் காலைப் பார்ப்பதில்லை. சோப்பு போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போடுவேன். பார்க்காமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. ஏழாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையையும் இப்படித்தான் சமாளித்தேன். பயந்துகொண்டு ஒருநாள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் மறுநாளும் போகவில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

பத்துப் பேர் பார்த்த காலை நான் மட்டும் பார்க்காமல் இருக்க முடியுமா? பேண்டைத் தூக்கினேன். செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது. கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பைக் காணவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. பேரளி ஸ்டாப்பில் விழுந்த குழி அரியலூர் வந்தும் மூடவில்லை.

அந்தக் காலுக்கு ஒரு பழைய சங்கதி உண்டு. படிக்கட்டுத் தகரம் கிழித்து, புண்ணாகி, கால் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் போயிற்று. சிவப்பு போயிற்று. விசேஷம் முடிந்த பிறகும் ஊருக்குக் கிளம்பாத விருந்தாளி மாதிரி வீக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அன்று பஸ் அரியலூர் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூன்று வியாதி சொல்லிவிட்டார்கள். ஒருவர் கிட்னி என்றார். ஒருவர் இதயம் என்றார். பின்சீட்டில் ஒருவர், "இது யானைக்காலுங்க, எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். பெரியப்பா என்ன ஆனார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரும் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டார். எங்கள் டிரைவர், பதினைந்து வருஷமாக என்னோடு ஓட்டுகிறவர், கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, வண்டி எடது பக்கமா இழுக்குதேன்னு பாத்தேன். கொஞ்ச நேரம் வலது பக்கமா நில்லு."

பெரம்பலூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எல்லாம் பார்த்தார். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார். யானைக்கால் கிருமிக்கும் சோதித்தார். எதுவும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பான். எனக்கோ, ஒன்றும் இல்லை என்றதும்தான் வியர்த்தது. எந்த மிஷினிலும் சிக்காத வியாதி என்றால் அது எவ்வளவு பெரிய வியாதியாக இருக்கும்!

"நிணநீர் தேங்கியிருக்கு" என்றார் டாக்டர். "கிருமி தாக்குனப்போ அந்தத் தண்ணி போற குழாயெல்லாம் கெட்டுப்போச்சு. இதுக்கு மாத்திரை இல்ல. பிசியோதெரபிக்குப் போங்க. அதுக்குன்னு ஒரு மசாஜ் இருக்கு."

மாத்திரை இல்லாத வியாதி என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. மசாஜ் என்றதும், அது வீட்டிலேயே இருக்கிறதே என்று பிசியோதெரபிக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதற்கிடையில் முதலாளிக்கும் சேதி போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பஸ் முதலாளி. ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, இந்தக் காலோட நீ படிக்கட்டுல தொங்கி விழுந்து வச்சா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஒரு நாற்காலி போட்டுத் தரேன், டைம் கீப்பரா உக்காந்துக்க" என்றார்.

கேட்டவர்களெல்லாம், "யோகம்யா உனக்கு" என்றார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக நான் கண்டக்டர். பஸ்ஸில் ஏறிவிட்டால் எனக்குக் கவலைப்பட நேரம் கிடையாது. டிக்கெட், சில்லறை, விசில், இறங்குகிற ஆள், ஏறுகிற ஆடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கவலைப்படலாம் என்று நினைப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். அந்த ஓட்டம்தான் இத்தனை வருஷமாக என்னைக் காப்பாற்றி வந்தது. என்னைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எதிரே நிற்கிற பஸ்ஸின் டயரைப் பார்த்தே பத்து விபத்தை நினைத்துவிடுவேன்.

என் மனைவிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். "ஐயய்யோ, நாற்காலியா? நாளெல்லாம் சும்மா உக்காந்து சேத்து வச்ச கவலையெல்லாம் வூட்டுக்குத்தானே வரும்? நான் எங்க போவேன்?" என்றாள்.

கெஞ்சிக் கூத்தாடி முதலாளியிடம் ஒரு தவணை வாங்கினேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு பெரிய முகூர்த்த நாள் வருகிறது. ஒரு வழி நடையைச் சிங்கிள் என்போம்; அன்றைக்கு ஆறு சிங்கிளும் நான் நின்றுகொண்டே போய் வந்துவிட்டு, சாயங்காலம் காலைக் காட்ட வேண்டும். கால் தேறியிருந்தால் பஸ். இல்லையென்றால் நாற்காலி. அதுவரை நாலு சிங்கிள் மட்டும்.

என் மனைவி ஆண்டிமடம் பக்கத்துக்காரி. முந்திரிக்கொட்டை உடைத்து உரமேறிய கை. தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவளைத்தான் தேடுவார்கள். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, தொடையில் ஆரம்பித்து, முட்டி தாண்டி, ஆடுசதையை ஒரு பிடி பிடித்து, பாதம் வரை இழுத்து, ஒவ்வொரு விரலிலும் சொடக்கு எடுத்து முடிப்பாள். எங்கள் பக்கத்தில் எந்த உபாதையையும் மேலிருந்து கீழேதான் இறக்குவார்கள். சுளுக்கு, திருஷ்டி, பயந்த கோளாறு எல்லாம் தலையில் ஆரம்பித்து கால் விரல் வழியாக வெளியேற வேண்டும். எனவே கெட்ட நீரும் அப்படித்தான் போகும் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் உருவினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வலிக்க வலிக்கத்தான் பலன் என்று ஒரு நம்பிக்கை.

டிக்கெட் மிஷினில் போடும் பேப்பர் ரோலில் கொஞ்சம் கிழித்து, முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளிச் சுற்றி, பேனாவால் கோடு போட்டுத் தினமும் அளவு எடுத்தேன். சட்டைப்பையில் அந்தத் துண்டுகள் கத்தையாகச் சேர்ந்தன. ஒருநாள் அவசரத்தில் அதில் ஒன்றைக் காலேஜ் பெண் ஒருத்தியிடம் டிக்கெட்டோடு கொடுத்துவிட்டேன். "அண்ணா, ஆடுசதை, காலைன்னு எழுதியிருக்கு, இது எந்த ஸ்டாப்?" என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது.

பத்தாம் நாள் துண்டு முதல்நாள் துண்டைவிட நீளமாக இருந்தது. ஒரு விரற்கடை. மனைவியிடம் காட்டினேன். அவள் துண்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பர் இழுபட்டிருக்கும்" என்றாள். ஆனால் அன்று அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை.

அப்புறம்தான் டாக்டர் சொன்ன பிசியோதெரபி அறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். சிகிச்சை தருகிறவர் சின்ன வயசுப் பெண். காலைத் தொட்டுப் பார்த்ததுமே, "யாரு அண்ணா இத இவ்ளோ போட்டுப் பிசைஞ்சது?" என்று கேட்டார். என் மனைவி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

என்னைப் படுக்க வைத்து, வயிறு எழும்ப மூச்சு இழுக்கச் சொன்னார். பிறகு கழுத்துக்கும் காறை எலும்புக்கும் நடுவே உள்ள குழியில் விரல் வைத்து மெதுவாகத் தடவினார். எண்ணெய் இல்லை. அழுத்தம் இல்லை. தோல் மட்டும் கொஞ்சம் நகர்ந்து திரும்பி வந்தது.

நான் படுத்தபடியே பயந்தேன். "மேடம், காலுதான் வீக்கம். கழுத்து இல்ல."

"தெரியும் அண்ணா."

கழுத்து முடிந்து வயிறு. வயிறு முடிந்து தொடையிடுக்கு. அப்புறம் தொடை, அதுவும் மேல் தொடைதான் முதலில். என் வீங்கிய பாதம் அங்கே தன் முறைக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. என் மனைவியால் அடக்க முடியவில்லை. "இது என்னம்மா, கன்னுக்குட்டி மேல ஈ ஓட்டுற மாதிரி இருக்குது. இதுக்கா பெரம்பலூர் வரணும்?"

அந்தப் பெண் சிரித்தார். கோபப்படாமல் விளக்கினார். ரத்தம் உடம்பெல்லாம் போய் வரும்போது கொஞ்சம் நீர் வெளியே கசிகிறது. அதில் மிச்சப்படுவதை வாரிக்கொண்டு போகத் தோலுக்குக் கீழேயே முடியைப்போல மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அந்த நீர் தொடையிடுக்கில் உள்ள முடிச்சுகளில் சலிக்கப்பட்டு, மேலே ஏறி, கழுத்துக்குக் கீழே மறுபடி ரத்தத்தில் சேர்கிறது. "ரத்தத்துக்கு இதயம்னு ஒரு பம்ப் இருக்கு. இதுக்கு அப்படி ஒண்ணு கெடையாது அண்ணா. குழாயே கொஞ்சம் சுருங்கி விரியும். நீங்க நடந்தா, ஆழமா மூச்சு விட்டா நகரும். தோல லேசா இழுத்தா அந்தக் குழாயோட வாய் தெறக்கும். போட்டு அழுத்துனா நசுங்கி மூடிக்கும். அக்கா கீழ தள்ளுன தண்ணிக்கு வெளிய போற வழியே இல்ல. பாதத்துலயே நிக்கும்."

"அதுக்கு நேரா பாதத்துலேருந்து மேல தள்ள வேண்டியதுதானே? எதுக்குக் கழுத்துல ஆரம்பிக்கணும்?" என்றாள் என் மனைவி.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா, காலேஜ் விடுற நேரத்துல நம்ம பஸ்ஸப் பாத்திருக்கியா? படிக்கட்டுல இருபது பேரு தொங்குறான். நான் பின்னாடி நின்னு தள்ளுனா உள்ள போவானா? மொதல்ல முன்னாடி வாசல்ல நிக்கிறவன எறக்கணும். அப்புறம் அவனுக்குப் பின்னாடி நிக்கிறவன முன்னாடி நகத்தணும். எடம் விட்டுக்கிட்டே வந்தா கடைசில படிக்கட்டுல தொங்குறவன் தானா உள்ள வந்துடுவான். கழுத்துதான் முன்வாசல். பாதம் படிக்கட்டு."

"முரட்டுத்தனமாத் தள்ளுனா?" என்றாள் மனைவி.

"சண்டைக்கு வருவான். ஒருத்தனும் நகர மாட்டான்."

அந்தப் பெண் என்னையே பார்த்தார். "அண்ணா, நாலு வருஷம் படிச்சேன். எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரல" என்றார்.

எனக்கு அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கியது. அடுத்த வாரம் போனபோது, மார்பில் ஆபரேஷன் ஆகிக் கை வீங்கிய ஓர் அம்மாவிடம் அவர், "பஸ்ஸுல கூட்டத்த நெனச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருமை அந்த நிமிஷமே பயமாக மாறிவிட்டது. நான் பாட்டுக்குச் சொன்னது தப்பாக இருந்து அந்த அம்மா கை இன்னும் வீங்கினால்? திரும்பி வரும்போது டிரைவரிடம் சொல்லிப் புலம்பினேன். "மாப்ள, நீ இப்ப அடுத்தவங்க காலு கைக்கும் சேத்துக் கவலப்பட ஆரம்பிச்சுட்டியா? நல்லா வருவ" என்றார்.

மனைவிக்குப் பாடம் நடந்தது. "மூடுன கண்ணு மேல வெரல வச்சா எவ்ளோ மெதுவா வப்பீங்க? அவ்ளோதான் அக்கா அழுத்தம்" என்று அவள் கையைப் பிடித்துச் செய்து காட்டினார். முந்திரிக்கொட்டை உடைத்த கைக்கு அது எளிதாக வரவில்லை. வீட்டில் முதலிரண்டு நாள் தொடை வரும்போது அவளையும் அறியாமல் பிடி இறுகும். நான், "பஸ்ஸு, பஸ்ஸு" என்று கத்துவேன். அவள், "ஆமா, பெரிய ஏர் பஸ்ஸு" என்று சொல்லிக்கொண்டே பிடியைத் தளர்த்துவாள். மூன்றாம் நாள் அந்தப் பதம் கைக்கு வந்துவிட்டது. நான் பாதி மசாஜிலேயே தூங்கிப்போனேன். கவலையில்லாமல் பகலில் தூங்கியது எனக்கே புதுசு.

மறுநாள் வேறொரு கலவரம் ஆரம்பமாயிற்று. மசாஜ் முடிந்து வேலைக்குப் போனால் சிறுநீர் முட்டுகிறது. ஒரே சிங்கிளில் இரண்டு தடவை விசில் அடித்து வண்டியை நிறுத்தினேன். சோளக்காட்டு ஓரமாக நான் ஓடுவதைப் பஸ்ஸே பார்த்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "யோவ், பின்னாடி வர்ற வண்டிக்காரன் நம்ம டைம எடுத்துடுவான்யா!"

எனக்குச் சந்தேகமே இல்லை. சர்க்கரை வந்துவிட்டது. சர்க்கரை வந்தால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள். எடுப்பது இடது காலா வலது காலா என்பது வரை யோசித்துவிட்டேன். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இல்லை. அதைப் போய்ச் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணா, கால்ல கெடந்த தண்ணி ரத்தத்துல போய்ச் சேந்துச்சு. கிட்னி அத வடிகட்டி வெளிய அனுப்புது. நல்ல சேதி."

"அப்ப சோளக்காட்டுல போனது என் காலா மேடம்?"

"காலுல இருந்த ஓசிப் பயணிங்க" என்றார். அவரும் பஸ்காரர் ஆகிவிட்டார்.

மசாஜோடு முடியவில்லை. விட்டால் தண்ணீர் மறுபடி வந்து நிற்கும் என்று பாதத்திலிருந்து தொடை வரை பட்டைத்துணியால் அடுக்கடுக்காகக் கட்டுக் கட்டினார். கீழே இறுக்கம் அதிகம், மேலே போகப் போகத் தளர்வு. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, சின்னக் கீறல்கூட ஆகக் கூடாது, கால் சிவந்து சுட்டு காய்ச்சல் வந்தால் மசாஜைத் தொடாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கடைசிச் சொல் போதும் எனக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை காலைத் தொட்டுச் சூடு பார்த்தேன். அரியலூர் வெயிலில் எது சூடில்லாமல் இருக்கும்? பஸ் கம்பியே சுடும்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கட்டு இல்லாமல் வேட்டியில் போனேன். சாயங்காலத்துக்குள் பாதம் மறுபடி உப்பிக்கொண்டது. "காது குத்துனது கொழந்தைக்கு, வீங்குனது உங்களுக்கா?" என்றாள் மனைவி. அதற்கப்புறம் கட்டை விடவில்லை.

நாலாவது வாரம் கால் மாறத் தொடங்கியது. முன்பு தொட்டால் கெட்டியாக ஈரமண் மூட்டை மாதிரி இருந்தது, இப்போது தளர்ந்து பிசைந்த மாவு மாதிரி ஆனது. படி ஏறும்போது பின்னால் யாரோ காலைப் பிடித்து இழுக்கிற பாரம் குறைந்தது. ஒருநாள் காலை கட்டை அவிழ்த்தால் கணுக்காலில் எலும்பு தெரிகிறது! பாதத்தின் மேல் பச்சை நரம்பு ஓடுகிறது. தோல் சுருங்கித் தொங்குகிறது. நான் அலறினேன். "ஏம்மா, காலு வத்திப்போயி சூம்புது பாரு!"

மனைவி வந்து பார்த்தாள். என் வலது காலையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வீங்குனாலும் பயம், வத்துனாலும் பயம். இந்தக் காலு பாவம்ங்க, என்னதான் பண்ணும்?" என்றாள். சொல்லிவிட்டு அந்த எலும்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

முகூர்த்த நாள் வந்தது. அரியலூர் ஸ்டாண்டிலேயே பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக வண்டி நிறைந்தது. கட்டுக்கு மேல் காக்கிப் பேண்ட் போட்டுக்கொண்டு நின்றேன். அசையாமல் நிற்பதுதான் இந்தக் காலுக்கு எமன், ஆடுசதை சுருங்கி விரிந்தால்தான் நீர் மேலே ஏறும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். நடக்க இடம் இல்லாத கூட்டத்தில் என்ன செய்வது? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினேன். "கண்டக்டருக்கு இன்னிக்கு என்னமோ குஷி" என்றது ஒரு கல்யாணக் கூட்டம். ஒரு பெரியவர் தாளம் தட்டினார். ஒவ்வொரு சிங்கிள் முடிந்ததும் கடைசி சீட்டில் படுத்து, கால்களை ஜன்னல் கம்பியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கழுத்துக் குழியைத் தடவிக்கொண்டே மூச்சு இழுத்தேன். சீக்கிரம் வந்து ஏறிய ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, வேறு பஸ்ஸில் போய் உட்கார்ந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நாலாவது சிங்கிளில் கால் கனத்தது. ஐந்தாவதில் கட்டுக்குள் குறுகுறுவென்றது. அது தண்ணீர் ஏறுவதா இறங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது சிங்கிளில் சீட்டு காலியாகிக் கிடந்தது. உட்காரச் சொல்லி டிரைவர் கண்ணாடியில் கண்ணைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

சாயங்காலம் அரியலூர் ஸ்டாண்டில் முதலாளி பைக்கில் வந்து இறங்கினார். "காட்டுப்பா" என்றார். பேண்டைச் சுருட்டிவிட்டேன். டிரைவர்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். பூ விற்கிற அம்மா, டீக்கடைக்காரர், பக்கத்து பஸ் கண்டக்டர் என்று சுற்றி ஒரு கூட்டமே நின்றது. முதலாளி கட்டை விரலால் கணுக்காலுக்கு மேல் அழுத்தினார். பிடித்துக்கொண்டே இருந்தார். விரலை எடுத்ததும் எல்லோரும் குனிந்தார்கள். லேசாக ஒரு குழி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே வந்து சமமாயிற்று.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. டிரைவரிடம் கேட்டார்: "எத்தன தடவ உக்காந்தாரு?"

"வண்டி ஓடுறப்ப எங்கங்க உக்காந்தாரு? பெரம்பலூர்லேருந்து குதிச்சுக்கிட்டே வராரு. நானே நாலு தடவ வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்."

முதலாளி எழுந்து விரலைத் துடைத்துக்கொண்டார். "சரி, காலையில மொத வண்டிக்கு வந்துடு. ஆறு சிங்கிள்" என்றார். டிரைவர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பூக்கார அம்மாகூடச் சிரித்தார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நாளைக்கு இவர் மனம் மாறிவிட்டால்? சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னால்? பைக்கை உதைக்கப்போனவரை ஓடிப்போய் மறித்தேன். அந்தக் காலால் ஓடினேன் என்பதே அப்புறம்தான் உறைத்தது.

"மொதலாளி, அவசரப்படாதீங்க. ஆடுசதையில பாக்கவே இல்லையே? அங்கயும் ஒருவாட்டி நல்லா அழுத்திப் பாத்துடுங்களேன்."

"மாப்ள, வாய மூடு" என்று டிரைவர் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார்.

முதலாளி உதைக்கத் தூக்கிய காலைக் கீழே வைத்தார். அப்புறம் பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, "தூக்குய்யா பேண்ட்ட" என்றபடி மறுபடியும் குனிந்தார்.